பழைய ஃபிரிட்ஜில் பொரிந்த குஞ்சுகள்

பெரியவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று தெருவில் சொல்வார்கள். மூக்கு நுனியில் இருக்கிற கோபம் ஒரு தும்மலில் போய்விடும். இவளுடைய கோபம் அடைக்கோழி ஜாதி. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது.

துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் இஸ்திரி போடுகிற வேலையில் இருந்தாள். மேற்பார்வையாளன் ஒருநாள் அத்தனை பேர் முன்னாலும் அவள் மடித்த சட்டையைத் தூக்கிக் காட்டி, "மாடு மென்னு துப்புன மாதிரி இருக்கு" என்றான். அவனுடைய நாற்காலி முதுகில் அவனது நல்ல சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மேஜையில் விரித்து, கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள். திரும்பி வந்து தன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சட்டைக்குள் ஆள் இல்லாதது அவன் செய்த புண்ணியம் என்று அன்று உடன் வேலை செய்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே சின்னவள் இருந்தாள்.

பெரியவளைக் கட்டிய அண்ணனும் சின்னவளைக் கட்டிய தம்பியும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். மாமியார் கண்ணை மூடிய பிறகு நடுவில் சுவர் வைத்துக்கொண்டார்கள். முன்கூடம் பெரியவளுக்கு, சமையலறை சின்னவளுக்கு என்று பிரிந்தது. அதனால் பெரியவள் முன்பு மூட்டை போட்டு வைத்திருந்த இருட்டறையில் அடுப்பு வைத்துச் சமைக்க வேண்டியதாயிற்று. சுவரின் அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது பக்கவாட்டு நடை மட்டும்தான். மெயின் சுவிட்ச் பெட்டி, தண்ணீர் மோட்டார், குழாய் எல்லாம் அங்கேதான் இருந்தன. மாமியாரின் பழைய ஃபிரிட்ஜும் அங்கேதான் நின்றது. அதை இவள் எடுத்துக்கொள்ள அவள் விடவில்லை, அவள் எடுத்துக்கொள்ள இவள் விடவில்லை. ஓடிக்கொண்டிருந்தது நின்றும் போயிற்று. செத்த பிறகும் அது அங்கேயே நின்றது.

ஓரகத்திகள் இருவரும் முகம் பார்த்துப் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. பேசவில்லையே தவிரத் திட்டு குறையவில்லை. பெரியவள் கொல்லையில் நாலைந்து கோழி வளர்த்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் கோழியைப் பார்த்துச் சொல்வாள். "ஏ திருட்டுக் கழுதை, ஊரான் வீட்டுத் தவிட்டைத் தின்னே உடம்பை வளத்துட்டியே" என்பாள். கோழி தலையைச் சாய்த்துக் கேட்கும். சின்னவளுக்குக் கோழி கிடையாது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடைக்கு வருவாள். "ஆமாம்மா, சிலதுங்களுக்கு வேலையை விட்டுத் துரத்தினாலும் வாய் மட்டும் குறையறதில்லைம்மா" என்பாள். அந்தப் பக்கம் அம்மாவும் இருக்க மாட்டாள், யாரும் இருக்க மாட்டார்கள். ஒருமுறை அவள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்த போன் மணியடித்துவிட்டது. பெரியவள் கோழியைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

வேலை போன பிறகு பெரியவள் ஒரு கோழியை அடை வைத்தாள். அது கொல்லையில் வைத்த கூடையை விட்டுவிட்டு, நடையில் மோட்டாருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. முட்டைகளையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். சின்னவள் குழாயடிக்குப் போகும்போதெல்லாம் கோழி சீறியது. ஒருநாள் அவள் காலில் கொத்திவிட்டது. சின்னவள் விளக்குமாற்றை எடுத்து விரட்டினாள். கோழி அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. முட்டைகள் ஆறிப்போயின. அத்தனையும் கரு வைத்த முட்டைகள்.

அன்று சாயங்காலம் புருஷன் வந்ததும் பெரியவள் சொன்னாள்.

"எனக்கு எவளும் விரட்ட முடியாத அடைக்கோழி ஒண்ணு வேணும்."

அவள் புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரில் ஃபிரிட்ஜ், ஏசி எது மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரன் என்று பெயர். வீட்டில் அவனுக்குப் பெயரும் இல்லை, குரலும் இல்லை. இரண்டு பெண்கள் சண்டை போடும்போது ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விடுவது அவன் பழக்கம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவனுக்கே ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, யாரையும் கேட்காமல், நடையிலிருந்த செத்த ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு முன்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

சின்னவள் போனை எடுக்கக்கூட மறந்து நடையில் வந்து நின்றாள். "பொதுச் சொத்தும்மா" என்றாள், வெறுங்காதில் கையை வைத்துக்கொண்டு. "பட்டப்பகல்ல தள்ளிக்கிட்டுப் போறாங்க."

உள்ளே இரண்டு குண்டு பல்பு, காற்றைச் சுழற்ற ஒரு பழைய கம்ப்யூட்டர் விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் ஏற்றுகிற ஒரு சின்னப் பெட்டி, அடித்தட்டில் ஈரத்துக்குத் தண்ணீர்த் தட்டு. கதவில் உள்ளே பார்க்கக் கண்ணாடி. எல்லாம் பொருத்தியான பிறகு நடையிலிருக்கும் மெயின் பெட்டியிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்தான். பையில் கிடந்த வயர்தான். குளிர வைக்கப் பிறந்த பெட்டி சூடாகத் தொடங்கியது.

முதல் தடவை ஒன்றும் பொரியவில்லை. காற்றுக்குத் துளை போட அவனுக்குத் தோன்றவில்லை, தண்ணீரையும் அவள் அள்ளி அள்ளி ஊற்றியிருந்தாள். உடைத்துப் பார்த்தால் குஞ்சுகள் முழுசாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டி, தண்ணீர் கோர்த்துச் செத்திருந்தன. நாற்றம் நடையைத் தாண்டியது. சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயடியில் நின்று சொன்னாள்: "கோழிக்கே பிடிக்காம எழுந்து ஓடிப்போன முட்டைம்மா. ஃபிரிட்ஜ் மட்டும் பொரிக்குமா?"

பெரியவள் அன்று கோழியிடம்கூடப் பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஃபிரிட்ஜைக் கழுவினாள். பக்கவாட்டில் துளை போடச் சொன்னாள். அடுத்த தடவை முட்டைகளுக்கு ஒரு பக்கம் பென்சிலால் கோடு போட்டுவைத்து, காலையும் மதியமும் மாலையும் திருப்பினாள். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் போனதும் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். சிவப்பு நரம்பு ஓடி நடுவில் ஒரு புள்ளி துடித்தால் நல்ல முட்டை. வெறும் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தால் கூமுட்டை. கூமுட்டையை எடுத்து வைக்கும்போது அவள் உதட்டில் ஒரு பெயர் வரும். அது யார் பெயர் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் தடவை பொரிந்தது. தெருவே வந்து பார்த்தது. "ஃபிரிட்ஜுல வச்ச முட்டை பொரிஞ்சிருக்காம்" என்று ஒரு கிழவர் சொல்ல, "ஃபிரிட்ஜுல எப்படிங்க பொரிப்பாங்க, எண்ணெய் வேணாமா?" என்று இன்னொருவர் கேட்டார். குஞ்சு வளர்க்க ஆசைப்பட்டவர்கள் கேட்டு வாங்கிப்போனார்கள். சிலர் தங்கள் வீட்டு முட்டையைக் கொண்டுவந்து கொடுத்துப் பொரித்துத் தரச் சொன்னார்கள். சுவரின் அந்தப் பக்கம் சமையல் சத்தம் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. பாத்திரங்கள் வைக்கப்படவில்லை, போடப்பட்டன.

பிறகு ஒரு வித்தை ஆரம்பமாயிற்று. சின்னவள் மோட்டாரைப் போட்டால் பல்பு மங்கிவிடும். தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவள் போய் அணைப்பாள். அவள் நகர்ந்ததும் மறுபடி ஓடும். ஒருநாள் பெரியவள் மோட்டார் சுவிட்சின்மேல் கோழி எச்சத்தை அப்பி வைத்தாள். அன்றைக்குச் சின்னவள் கையைக் கழுவிக் கழுவித் தண்ணீரே தீர்ந்துபோயிற்று.

விஷயம் முற்றியது மூன்றாவது தடவையில்தான்.

அன்று காலையிலேயே முட்டைகளுக்குள்ளிருந்து கீச்சென்ற சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. பல முட்டைகளில் ஓடு விண்டு, மூக்கு நுனி தெரிந்தது. இந்தக் கட்டத்தில் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் போய்விடும், உள்தோல் காய்ந்து குஞ்சோடு இறுகிக்கொள்ளும், அதனால் அசைய முடியாது. பெரியவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தண்ணீர் போதுமா, சூடு சரியா என்று பார்த்துவிட்டு, குஞ்சுத் தீவனம் வாங்கப் பெரிய கடைத்தெருவுக்குப் போனாள். கடையில் தீவன வண்டி வரவில்லை. வரும் வரைக்கும் நின்றாள். வந்த பிறகு எடை போடுகிறவனோடு சண்டை போட்டாள். வீடு திரும்பும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

கூடத்தில் காலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. விசிறி இரையவில்லை. ஃபிரிட்ஜுக்குள் இருட்டு. கண்ணாடியில் கை வைத்தாள், பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. தீவன மூட்டையை அப்படியே போட்டுவிட்டு நடைக்கு ஓடினாள். மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சின்னவள் உட்கார்ந்திருந்தாள்.

எட்டு வருஷத்துக்குப் பிறகு பெரியவள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீதான் அணைச்சியா?"

"ஆமா. நான்தான்."

"தள்ளு."

"கை வைக்காத. உன் வீட்டுக்காரர் இழுத்த வயர் கருகுது. பொகை வந்துச்சு. போட்டா பத்திக்கும்."

"புளுகாத. தள்ளுடி."

பெரியவள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். ஸ்டூல் சாய்ந்தது. சின்னவள் விழுந்த வேகத்திலேயே எழுந்து பெட்டியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றாள். ஒருத்தி முடி ஒருத்தி கையில் வந்தது. சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. யாரோ மெக்கானிக் கடைக்கு ஆள் அனுப்பி அவனைக் கூட்டிவந்தார்கள்.

அவன் வந்து பெட்டியைத் திறந்தான். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தான். பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான், ஏதோ வெட்டினான், ஏதோ முறுக்கினான்.

"என்ன ஆச்சு?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றான் அவன். "வயர் நல்லாத்தான் இருக்கு. சும்மா டைட் பண்ணேன்."

சின்னவள் முகம் வெளுத்துப்போயிற்று. "மாமா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நான் கண்ணால பாத்தேன். பொகை வந்துச்சு."

அவன் தலை நிமிரவில்லை. சுவிட்சைத் தூக்கி விட்டான். உள்ளே விசிறி இரைந்தது.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" என்றாள் பெரியவள், தெருவைப் பார்த்து. "பொய்க்காரி. பச்சைக் குஞ்சுங்களைக் கொன்னுட்டு, வீட்டைக் காப்பாத்தினேன்னு கதை விடறா. இவ கையால குடிச்ச தண்ணிகூட விஷம்."

கூட்டத்தில் ஒருவரும் சின்னவளுக்காகப் பேசவில்லை. மோட்டார் வித்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் கலைந்து கிடந்த முடியைக் கோதிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று மாலை வரை பெரியவள் ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சூடு மெதுவாக ஏறியது. சில முட்டைகளில் சத்தம் திரும்பியது. சிலவற்றில் திரும்பவே இல்லை. ஓட்டை விண்ட மூக்குகள் சில அப்படியே நின்றுவிட்டன. வெளியே வந்த குஞ்சுகள் நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தன. அவை உள்ளேயே உலரும் வரை விட்டுவிட்டு, பிறகு பல்பு தொங்கவிட்ட அட்டைப்பெட்டிக்கு மாற்றினாள். ஒவ்வொன்றின் மூக்கையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தடவை தொட்டு எடுத்தாள். அப்போதுதான் குடிக்கக் கற்றுக்கொள்ளும். ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, நிற்க முடியாமல் வழுக்கியது. பிளாஸ்திரியை மெல்லிசாகக் கிழித்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினாள். இன்னொன்றுக்கு எச்சம் காய்ந்து பின்பக்கம் அடைத்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தாள். இத்தனையும் செய்த கை பதமாகத்தான் இருந்தது. வாய்தான் வேறு வேலை செய்துகொண்டிருந்தது. கட்டும்போதும் துடைக்கும்போதும் சுவரைப் பார்த்துச் சபித்துக்கொண்டே இருந்தாள். பாதிக்கு மேல் போய்விட்டது. செத்ததையெல்லாம் ஒரு முறத்தில் போட்டு, கொல்லையில் புதைக்கப் போகும் வழியில் சின்னவள் கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். அங்கேயே கொட்டிவிடத்தான் நினைத்தாள். ஏனோ கை வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துணி துவைக்க உட்கார்ந்தாள். புருஷனுடைய வேலைக் கால்சட்டைப் பையில் எப்போதும் ஆணி, நட்டு ஏதாவது இருக்கும். கையை விட்டுத் துழாவினாள். விரலில் தார் மாதிரி ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தாள். ஒரு சாண் வயர். மேல்தோல் உருகிக் குமிழ் குமிழாகக் கருகி, உள்ளே செம்புக் கம்பி கறுத்துத் தெரிந்தது. முகர்ந்தாள். எரிந்த பிளாஸ்டிக் நாற்றம்.

துவைக்கிற கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

புருஷன் சாப்பிட வந்து உட்கார்ந்தான். சோறு வரவில்லை. தட்டில் அந்த வயர்த் துண்டுதான் வந்தது.

அவன் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். "மெல்லிசு வயரு" என்றான். "இருந்ததைப் போட்டுட்டேன். தாங்கும்னு நெனைச்சேன்."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"அத்தனை பேர் நின்னாங்க. ஊர்ல எல்லார் வீட்டுக்கும் வயர் இழுக்கறவன் நான். என் வீட்டு வயரே கருகிச்சுன்னா எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"அதுக்காக அவளைப் பொய்க்காரி ஆக்குனியா?"

"நீதான ஆக்குன. நான் ஒண்ணும் சொல்லலையே."

அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. தட்டை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, வயரைக் கையில் இறுக்கிக்கொண்டு நடைக்குப் போய், சின்னவள் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. பெரியவள் வயரை வாசற்படியில் போட்டாள்.

"இந்தா. அவர் பையில இருந்துச்சு."

சின்னவள் குனிந்து எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றாள் பெரியவள். குரல் குற்றம் சாட்டுகிற குரலாகவே வந்தது. வேறு குரல் அவளிடம் இல்லை.

"உன் நம்பரை அழிச்சு எவ்வளவு நாளாச்சு. என் வீட்டுக்காரருக்குத்தான் பண்ணேன். அவர் உன் வீட்டுக்காரருக்குப் பண்ணாராம். எடுக்கல."

"அன்னிக்கு நீ சொன்னப்போ நான் நம்பியிருக்கணும்."

"நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனா? மாட்டேன்." சின்னவள் வயரைச் சுருட்டினாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். அணைக்கும்போது உன் முட்டை ஞாபகம் எனக்கு வராம இல்ல. வந்துச்சு. போகட்டும்னுதான் நெனைச்சேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அறைந்தால் தகும் போலிருந்தது. ஆனால் எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் இவ்வளவு நேராக அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சரி. இப்ப நான் என்ன பண்ணணும்?"

"நடுத்தெருவுல வச்சுப் பொய்க்காரின்னு சொன்ன. நடுத்தெருவுல வந்து இல்லைன்னு சொல்லு."

மறுநாள் காலை குடிதண்ணீர் லாரி வந்தபோது தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. பெரியவள் குடம் எடுக்காமல் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள், சண்டைக்கு வருகிறவள் மாதிரிதான் ஆரம்பித்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கு இவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். அது தப்பு. வயர் கருகினது நெஜம். இவ அணைக்கலேன்னா ரெண்டு வீடும் எரிஞ்சிருக்கும். பொய் சொன்னது என் வீட்டு ஆம்பளை."

மெக்கானிக் கடைக்குப் போகச் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். சைக்கிளோடு அப்படியே உள்ளே திரும்பிப் போனான்.

வரிசையில் நின்றிருந்த சின்னவள் தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகிற வழியில் பெரியவள் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில் சொன்னாள்.

"இதுக்காக உன்னோட சேந்துருவேன்னு நெனைக்காத."

"யாரு கூப்பிட்டா?" என்றாள் பெரியவள்.

பிழைத்த குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. பிளாஸ்திரி கட்டிய குஞ்சு, கட்டைப் பிரித்த அன்றே மற்றதையெல்லாம் கொத்தி விரட்டித் தீவனத் தட்டின் நடுவில் ஏறி நின்றது. சுவர் அப்படியே இருக்கிறது. அதை இடிக்கலாம் என்று யாரும் பேசவில்லை. சண்டையும் இருக்கிறது, இப்போது நேருக்கு நேர் நடக்கிறது. கேட்பதற்கு முன்னைப்போல ருசியில்லை என்று தெருவில் சிலருக்குக் குறை.

ஆனால் பெரியவளுடைய கோபத்தில் பெரும்பங்கு சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் வீட்டுக்குள்ளேயே இடம் மாறியிருந்தது. அடுத்த தடவை முட்டை வைப்பதற்கு முன்னால், அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தாள். மெக்கானிக்குக்கும் அவனுக்கும் தொழிலில் ஆகாது. ஊர் அறிந்த விஷயம். வந்தவன் நடையில் நின்று மெயின் பெட்டியைத் திறந்து பார்த்து, உச்சுக்கொட்டினான்.

"யாரு இழுத்தது இதை?"

சின்னவள் தன் வாசலில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"புது வயரை மேல உத்தரத்தை ஒட்டித்தான் இழுக்கணும்" என்றான் அவன். "ஏணியைப் பிடிச்சுக்க ஓர் ஆள் வேணும்."

பெரியவள் கூடத்துப் பக்கம் திரும்பி, "ஏங்க, வாங்க இங்க" என்றாள்.

மெக்கானிக் வந்தான். வேலை முடியும் வரை, மேலே நின்றவனுடைய செருப்புக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.